பேருந்தில் சக்கர நாற்காலி: முதுகுப் பலகையா, நான்கு பட்டையா?

நாற்காலிக்குப் பிரேக் போட்டுத்தான் இருந்தது. அக்காவே இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாடகைக்கு எடுத்த வேன். பின்பக்கம் இரண்டு வரிசை சீட்டைக் கழற்றி இடம் பண்ணியிருந்தார்கள். ஊருக்குள்தான், முப்பதில் போய்க்கொண்டிருந்தது. ஆடு ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் மிதித்தார். நாற்காலியின் பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பி, அக்காவின் முழங்கால் முன்சீட்டின் முதுகில் போய் இடித்தது. “பிரேக் போட்டீங்கல்லம்மா?” என்று திரும்பிக் கேட்டார் டிரைவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அப்போது அதுதான் கேள்வியாக இருந்தது.

அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ. நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வரைபடம் போடுகிறவன். இத்தனை வருடமாகச் சீட்டும் கம்பியும் வரைந்தவனுக்கு, வீட்டில் இருக்கும் நாற்காலி ஒரு வண்டிக்குள் எப்படி நிற்கும் என்று யோசிக்க ஓர் ஆடு வரவேண்டியிருந்தது.

இப்போது இதை எழுத ஒரு காரணம் உண்டு. அக்கா இருக்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கம் இரண்டு விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, ஆஸ்பத்திரிக்கும் வெளியூர்க் கூட்டங்களுக்கும் போய்வர சொந்தமாக ஒரு வேன் வாங்குவது. இன்னொன்று, நகரப் பேருந்தில் சக்கர நாற்காலிக்கான இடம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுத்தில் கருத்துக் கொடுப்பது. கூட்டத்தில் இரண்டையும் ஒரே கேள்வியாக்கி, ‘எந்த பெல்ட் நல்லது?’ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால் வேனுக்கு ஒரு பதில், பஸ்ஸுக்கு வேறு பதில். பஸ்ஸுக்கான பதிலில் பெல்ட் முதல் இடத்தில்கூட வராது.

சென்னையில் தாழ்தளப் பேருந்துக்காக நீதிமன்றத்தில் வருடக்கணக்காக நடந்த போராட்டம் பலருக்கும் நினைவிருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடும் வைஷ்ணவி ஜெயக்குமார் தொடுத்த வழக்கில் பேச்செல்லாம் தரை உயரத்தைப் பற்றித்தான்: 900 மில்லிமீட்டரா, 650ஆ, 400ஆ. 2024இல் 400 மி.மீ. தரையோடு, நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழும் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025இல் மின்சாரப் பேருந்துகளும் சேர்ந்துகொண்டன. ஏறுவதற்கு வழி வந்துவிட்டது. ஏறியவர் உள்ளே எங்கே, எந்தப் பக்கம் பார்த்து, எதில் சாய்ந்து உட்காருவார் என்பதற்கு அந்த அளவு பேச்சு நடக்கவில்லை. சட்டத்தில் இடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு போக்குவரத்தைப் பற்றியது. மோட்டார் வாகன விதிகளில் 2019 டிசம்பரில் வந்து 2020 மார்ச் 1 முதல் அமலான திருத்தம், பேருந்தில் முன்னுரிமை இருக்கை, ஊன்றுகோல் செருக இடம், கைப்பிடிக் கம்பி, சக்கர நாற்காலி ஏற வழி, நிறுத்த இடம், பூட்டும் ஏற்பாடு எல்லாம் கேட்கிறது. ‘பூட்டும் ஏற்பாடு’ என்ற சொல்லைப் பார்த்ததும் நம் கை தானாகக் கொக்கியையும் பட்டையையும் வரைய ஆரம்பித்துவிடுகிறது. என் கையும்தான்.

எவ்வளவு வேகத்தில் நிற்கிறது?

முதலில் ஒரு கணக்கு. அக்கா 55 கிலோ, நாற்காலி 18. ஆக 73.

பன்னிரண்டு மீட்டர் நகரப் பேருந்து எவ்வளவு கடுமையாகப் பிரேக் அடித்தாலும் அது 0.8 ஜியைத் தாண்டுவது அபூர்வம். அதாவது உட்கார்ந்திருப்பவரின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு விசை அவரை முன்னால் தள்ளும். அக்காவுக்கும் நாற்காலிக்கும் சேர்த்து ஏறத்தாழ 58 கிலோ. நின்றுகொண்டிருக்கும் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழும் அளவுதான். ஆனால் ஓர் உறுதியான பலகை தாங்கிவிடும்.

வேன் விஷயம் வேறு. வேனில் போகும்போது நாம் பயப்பட வேண்டியது பிரேக்குக்கு மட்டும் இல்லை, எதிரே வரும் லாரிக்கும்தான். சக்கர நாற்காலியைக் கட்டும் பட்டைகளைச் சோதிக்கும் பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 10542. அதில் மணிக்கு 48 கி.மீ. வேக மாற்றம், 20 ஜி என்ற அளவில் மோதல் சோதனை நடத்துகிறார்கள். 73 கிலோவை 20ஆல் பெருக்கினால் 1,460. ஒன்றரை டன் எடை ஒரு நொடியின் சிறு பகுதிக்கு அந்தப் பட்டைகளில் தொங்கும். பெரிய பேருந்துக்கு விபத்தே வராது என்று சொல்லவில்லை. வந்தாலும் அதன் எடை பெரும்பாலும் அதைக் காப்பாற்றிவிடுகிறது. எதிரில் வரும் வண்டிதான் நசுங்கும். மூன்று நான்கு டன் வேனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மெட்ரோ ரயிலில் ஏன் பெல்ட்டே இல்லை என்று அக்கா ஒருநாள் கேட்டாள். ரயில் வழக்கமாக நிற்பது 0.1 ஜி அளவில். நாற்காலியின் பிரேக்கே போதும்.

அப்படியானால் முப்பதில் போன வேனில் பிரேக் போட்ட நாற்காலி ஏன் எழும்பியது? நாற்காலியின் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். முன்னால் இருப்பவை சுழலும் சின்னச் சக்கரங்கள், அவற்றுக்குப் பிரேக் கிடையாது. வண்டி நிற்கும்போது பாரமெல்லாம் முன்னால் சாய்ந்து சின்னச் சக்கரத்தின் மேல் ஏறுகிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. பிரேக் இருக்கிறது, பிடிப்புதான் இல்லை. உட்கார்ந்தவரோடு சேர்த்த எடை மையம் தரையிலிருந்து அறுபது, அறுபத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சின்னச் சக்கரத்துக்கு முப்பது சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 0.5 ஜிக்கு முன்பே நாற்காலி முன்பக்கம் கவிழப் பார்க்கும். ஆட்டுக்காக மிதித்த பிரேக் அதைத் தாண்டியிருக்கும்.

ஆகவே முன்னால் பார்த்தபடி, கட்டாமல் உட்காருவது சாலையில் ஓடும் எந்த வண்டியிலும் ஆகாது. இதை ஒரு தேர்வாகவே நான் எண்ணவில்லை. பக்கவாட்டில் பார்த்து உட்கார வைப்பது அதைவிட மோசம். நாற்காலியும் சரி, இடுப்பும் கழுத்தும் சரி, பக்கவாட்டு அடியைத் தாங்கும்படி அமைந்தவை இல்லை. ஆம்புலன்ஸ் போல மாற்றிய சில வேன்களில் இடம் மிச்சம் பிடிக்க இப்படிச் செய்கிறார்கள். வேண்டாம்.

நகரப் பேருந்துக்கு முதுகுப் பலகை

ஐரோப்பிய நகரங்களில் பெருவாரியாக இருப்பது இதுதான். பயணி பேருந்தின் பின்பக்கம் பார்த்து உட்காருவார். அவர் முதுகுக்குப் பின்னால், அதாவது பேருந்தின் முன்பக்கமாக, தரையோடு பொருத்திய மெத்தை வைத்த பலகை ஒன்று நிற்கும். ஒரு பக்கம் பேருந்தின் சுவர், உள்ளே ஆட்கள் நடக்கும் நடைபாதைப் பக்கம் ஒரு கம்பி. பட்டை இல்லை, கொக்கி இல்லை, யாரும் குனிந்து எதையும் மாட்ட வேண்டியதில்லை. பிரேக் அடித்தால் பயணி பலகையில் சாய்வார், அவ்வளவுதான். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டு பேருந்து அணுகல் விதிகள் இதை எண்ணோடு எழுதிவைத்திருக்கின்றன. ஐஎஸ்ஓ 10865இன் முதல் பகுதியும் இந்த அமைப்பைப் பற்றியதுதான்.

இதில் ஆளை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் போதும், பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. கையால் தள்ளும் நாற்காலியில் எடை மையம் பின் அச்சுக்கு மிக அருகில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளினாலே மல்லாக்கச் சாயும். பலகை இல்லாமல், அல்லது பலகையிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தால், முன்னால் பார்த்து உட்கார்ந்ததைவிடச் சீக்கிரமாகவே கவிழ்ந்துவிடும். பலகை முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இந்த ஏற்பாட்டுக்கு உயிர்.

வீட்டு முற்றத்தில் சுண்ணக்கட்டியால் 1300க்கு 750 மி.மீ. கட்டம் போட்டேன். பிரிட்டன் கணக்கில் ஒரு நாற்காலிக்கான இடம் அது. ஒரு முனையில் பழைய கதவுப் பலகை ஒன்றை நிறுத்தினேன். அக்கா பின்னால் உருட்டிக்கொண்டு வந்தாள். ‘டக்’ என்று நின்றது. முதுகுக்கும் பலகைக்கும் நடுவே பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி. தள்ளும் கைப்பிடி இரண்டும் முதலில் போய் முட்டியிருக்கின்றன. அதுபோக, கைப்பிடியில் அவளுடைய பை தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டில், மருந்து, மாற்றுத்துணி, டிபன் டப்பா என்று எல்லாம் அதில்தான்.

அப்போதுதான் பிரிட்டன் விதியின் அளவுகள் எனக்குப் புரிந்தன. அந்தப் பலகை தரையிலிருந்து 350 முதல் 480 மி.மீ. உயரத்தில்தான் தொடங்க வேண்டும், குறைந்தது 1300 மி.மீ. உயரம் வரை போக வேண்டும். 830 மி.மீ. உயரம் வரை அகலம் 270 முதல் 420. அதற்கு மேலே 270 முதல் 300 மட்டும். ஏன் மேலே ஒடுங்குகிறது என்று முன்பு யோசித்ததில்லை. கைப்பிடிகளுக்கு நடுவே பலகை உள்ளே போக வேண்டும், அதுதான். கீழே 350 விட்டிருப்பது பின்சக்கரமும் மின் நாற்காலியின் பேட்டரிப் பெட்டியும் பலகைக்கு அடியில் நுழைய. 4 முதல் 8 டிகிரி வரை ஒரு சாய்வும் உண்டு. கதவுப் பலகையை எடுத்துவிட்டு, 280 அகலத்தில் பிளைவுட் வெட்டி நிறுத்தினேன். இந்த முறை அக்காவின் முதுகு போய் ஒட்டியது. பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“பை எப்பவும் மடியிலயேவா இருக்கணும்?” என்றாள். நியாயமான கேள்வி. நடைபாதைக் கம்பியில் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கொக்கி வைத்தால் முடிந்தது. எந்த விதியிலும் நான் பார்க்காத ஒன்று, செலவும் இல்லை. வரைபடத்தில் சேர்த்துவிட்டேன்.

நம் ஊர்ப் பேருந்துக்கு இந்த அமைப்பை நான் சொல்வதற்கு இயற்பியல் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி கண்டக்டர். நாற்காலியின் நான்கு மூலைகளையும் தரையோடு இழுத்துக் கட்டும் நான்கு பட்டையை முறையாக மாட்டி இறுக்க, பழகியவருக்கே இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். காலை எட்டரை மணிக்கு, தோளில் பை, கையில் டிக்கெட் மெஷின், படியில் தொங்கும் பையன்கள், பின்னால் ஹாரன். இதற்கு நடுவே அவர் தரையில் மண்டியிட்டு நான்கு கொக்கி மாட்டுவாரா? முதல் வாரம் மாட்டுவார். மூன்றாவது மாதம் பட்டை எங்கே என்றே தெரியாது. சில பேருந்துகளில் அந்தப் பட்டைகள் சீட்டுக்கு அடியில் முடிச்சுப் போட்டு, தூசி ஏறிக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதோடு, நாற்காலியில் இருக்கும் பெண்ணின் தொடையருகே முன்பின் தெரியாத ஆண் ஒருவர் குனிந்து பெல்ட் தேடுவது யாருக்குமே சங்கடம். அக்கா இதைப் பாதுகாப்புக் கணக்குக்கும் முன்னால் வைக்கிறாள். எனக்கும் அது சின்ன விஷயமாகப் படவில்லை.

குறை இல்லாமல் இல்லை. முதல் குறையை அக்காவே சொன்னாள்: “டேய், எல்லார் மூஞ்சியும் என்னையே பாக்கும். நான் எங்க பாக்குறது?” பின்பக்கம் பார்த்துப் போனால் சிலருக்குத் தலை சுற்றும். அடுத்த நிறுத்தம் எது என்று தெரியாது, பெயர்ப்பலகை கடந்துபோன பிறகுதான் கண்ணில் படும். இதற்கு மருந்து இருக்கிறது. நிறுத்தத்தின் பெயர் ஓடும் திரையை முன்பக்கம் மட்டும் வைக்காமல், பின்னால் பார்ப்பவருக்கும் தெரியும்படி இன்னொன்று வைப்பது. ஒலி அறிவிப்பு வேலை செய்வது. இறங்கும் மணி கைக்கு எட்டும் உயரத்தில், பலகைப் பக்கம் இல்லாமல் சுவர்ப் பக்கம் இருப்பது. முறைத்துப் பார்ப்பவர்களுக்கு மருந்து என்னிடம் இல்லை.

இரண்டாவது குறை திருப்பங்கள். முன்சக்கரம் சுழலும் சக்கரம் என்பதால் வளைவில் நாற்காலியின் முன்பகுதி நடைபாதைப் பக்கம் திரும்பிவிடும். நடைபாதைக் கம்பி வேண்டும் என்பது அதற்காகத்தான். சில வடிவமைப்பாளர்கள் கூட்டத்துக்கு இடம் விடுகிறேன் என்று முதலில் கழற்றுவது அந்தக் கம்பியைத்தான். மேலிருந்து மடக்கி இறக்கும் கம்பியாக வைத்தால் உள்ளே நுழைவதும் சுலபம். மூன்றாவது, மின்சாரப் பேருந்து டீசல் வண்டியைவிடச் சட்டென்று கிளம்பும். கிளம்பும்போது பயணி பலகையை விட்டு விலகும் பக்கம் சாய்வார். அந்த விசை 0.2 ஜி சுற்றளவில்தான் இருக்கும், நாற்காலியின் பிரேக் நன்றாக இருந்தால் தாங்கும். நம் ஊர் மடக்கு நாற்காலிகளின் பிரேக் ஒரு வருடத்தில் தேய்ந்துவிடுகிறது என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. சுவரிலிருந்து இழுத்து மடியின் குறுக்கே தானே மாட்டிக்கொள்ளும் ஒரு பெல்ட் இருந்தால் நல்லது. விதியில் உள்ள ‘பூட்டும் ஏற்பாடு’ என்ற சொல்லுக்கும் அது துணையாக நிற்கும். கட்டாயமாக்காமல், கேட்டவர்க்குக் கிடைக்கும்படி இருக்கட்டும்.

அமெரிக்கா வேறு வழியில் போனது

1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கப் பேருந்துகளில் நான்கு பட்டைதான் பழக்கம். 22 அடிக்கு மேல் நீளமான பேருந்தில் இரண்டு நாற்காலி இடம், அதில் ஒன்றாவது முன்னால் பார்த்து இருக்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் நாற்காலி எந்தத் திசையிலும் 2 அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. கட்டுவதற்கு ஓட்டுநர் உதவ வேண்டும். எனக்குப் பிடித்த விதி ஒன்று அங்கே இருக்கிறது: நாற்காலியைச் சரியாகக் கட்ட முடியவில்லை என்பதைக் காரணம் காட்டிப் பயணியை ஏற்ற மறுக்கக் கூடாது. நம் விதிகளிலும் இப்படி ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட் அறுந்துபோன பஸ், ‘உங்க பாதுகாப்புக்குத்தான்’ என்று சொல்லி நிற்காமலே போய்விடும்.

அங்கேயும் ஓட்டுநர்கள் அலுத்துப்போனதால் இடைவழிகள் வந்தன. ஒரு பட்டையைக் குறைத்து, பயணி ஓரளவு தானே செய்துகொள்ளும் மூன்று பட்டை அமைப்பு ஒன்று. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால், இரண்டு பக்கமும் கைகள் நீண்டு வந்து சக்கரங்களை அழுத்திப் பிடிக்கும் தானியங்கி அமைப்பு இன்னொன்று. 25 நொடிக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். யாரும் தொட வேண்டாம், பிரேக் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. கையில் காசும், பழுது பார்க்க ஆளும் இருக்கும் நிர்வாகத்துக்கு இதுவே முதல் தேர்வு என்பேன். ஆனால் மழைக்காலத்தில் சாய்தளப் பலகையின் கீலிலேயே சேறு அடைத்துக்கொள்ளும் ஊரில், மோட்டார் வைத்த கைகள் எத்தனை மாதம் ஓடும்? உடைந்து நின்றால் அந்த இடமே அடைபட்டுப் போகும். முதுகுப் பலகைக்கு உடைய ஒன்றும் இல்லை.

பழைய அமெரிக்கப் பேருந்துகளில் சக்கரத்தின் விளிம்பைக் கவ்வும் ஒரு பிடி இருந்தது. மின் நாற்காலியின் தடித்த சக்கரத்துக்கு அது பொருந்தவில்லை, கையால் தள்ளும் நாற்காலியின் கம்பிச் சக்கரத்தை வளைத்தும்விட்டது. அது போனதில் நஷ்டம் இல்லை. நாற்காலிக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டைப் பொருத்தி, வண்டித் தரையிலுள்ள பூட்டில் போய் மாட்டிக்கொள்ளும் முறை சொந்த காரில் தானே ஓட்டுகிறவர்களுக்கு அருமையானது. பொது வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு நாற்காலிக்கும் அந்த இரும்பு இருக்காது என்பதால் இங்கே அதைப் பேசிப் பயனில்லை.

வேனுக்கு நான்கு பட்டை, ஆளுக்குத் தனியாக பெல்ட்

வேனில் இந்த விவாதமே இல்லை. முன்னால் பார்த்து, நான்கு பட்டை, அதோடு மடிக்கும் தோளுக்கும் பெல்ட். கேள்வியெல்லாம் எப்படிப் பொருத்துவது என்பதில்தான்.

முதலில் தரை. நம் பட்டறைகளில் வேன் தரை என்றால் 12 மி.மீ. பிளைவுட், மேலே ரெக்சின் விரிப்பு. பட்டை மாட்டும் அலுமினியத் தடத்தை அந்தப் பிளைவுட்டில் திருகிவிட்டு, ‘போட்டாச்சு சார்’ என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. ஒன்றரை டன் இழுத்தால் பிளைவுட்டோடு பிடுங்கிக்கொண்டு வரும். தடம் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் உட்கார வேண்டும், அடியில் எஃகுத் தகடு கொடுத்து, 8.8 கிரேடு என்ற கூடுதல் பலமுள்ள போல்ட் போட வேண்டும். வேன் வாங்குகிறவர்கள் வண்டிக்கு அடியில் குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது பட்டை. லாரியில் தார்ப்பாய் கட்டும் ராட்செட் பெல்ட்டைப் போட்டால் பத்தில் ஒரு பங்கு செலவில் முடியும் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். சரக்கைக் கட்ட அது சரி. மோதல் சோதனை செய்தது இல்லை. ராட்செட்டைப் பலமாக இறுக்கினால் நாற்காலியின் 22 மி.மீ. குழாய் நசுங்கும், இறுக்காவிட்டால் ஓட்டத்தில் தளரும். தானாகச் சுருண்டு இறுகும் பட்டை விலை கூடுதல்தான், ஆனால் தளர்ந்ததை அதுவே இழுத்துக்கொள்ளும்.

கோணமும் முக்கியம். பின்பட்டைகள் தரையோடு 30 முதல் 45 டிகிரி, முன்பட்டைகள் 40 முதல் 60. மோதலில் பாரம் தாங்குவது பின்பட்டை இரண்டும்தான்.

இனிமேல்தான் சிக்கல். கொக்கியை நாற்காலியில் எங்கே மாட்டுவது? மோதல் சோதனைக்குத் தேறிய நாற்காலியில் நான்கு இடத்தில் அதற்கென்றே வளையம் பற்றவைத்திருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் மடக்கு நாற்காலியில் அப்படி நான் பார்த்ததில்லை. அக்காவின் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு இருவரும் பார்த்தோம். கைக்கு முதலில் கிடைப்பது கால்பலகை, அது கையோடு கழன்று வருகிறது. அப்புறம் கைதாங்கி, அதுவும் கழல்வது. சக்கரம் கூடாது. நடுவில் எக்ஸ் வடிவில் மடங்கும் குழாய், நாற்காலியிலேயே பலவீனமான இடம். கடைசியில் தேறியவை, சீட்டுக்குக் கீழே நெடுக்குக் குழாயும் நிமிர்ந்த குழாயும் பற்றவைத்துச் சேரும் நான்கு மூலைகள். அங்கே கொக்கி நேராக நுழையவில்லை. சீட் பெல்ட் நாடாவில் தைத்த நான்கு வளையங்களை அந்த மூலைகளில் நிரந்தரமாகக் கோர்த்துவிட்டால், யார் வேண்டுமானாலும் தேடாமல் மாட்டலாம். இப்படி வளையங்கள் தயாராகவே விற்கின்றன. சிவப்பு நிறத்தில் வாங்கச் சொல்லியிருக்கிறேன், டிரைவர் கண்ணுக்குத் தெரியட்டும்.

இதில் உயிரைக் காக்கும் விவரம் ஒன்றுண்டு. ஆளுக்கான பெல்ட்டை நாற்காலியில் கட்டாதீர்கள், வண்டியில் கட்டுங்கள். பெல்ட் நாற்காலியில் இருந்தால் அக்காவின் 1,100 கிலோ விசையும் அந்த மலிவுக் குழாய் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். பெல்ட் வண்டியின் சட்டத்தில் இருந்தால் நாற்காலி தன் சொந்தப் பாரமான 360 கிலோவைத் தாங்கினால் போதும். பற்றவைத்த மூலை அதைத் தாங்க வழி இருக்கிறது. மடிப்பட்டை கைதாங்கிக்கு மேலே போகாமல், உள்பக்கமாக நுழைந்து இடுப்பெலும்பில் படிய வேண்டும். வயிற்றில் ஏறினால் பெல்ட்டே குடலைக் கிழிக்கும். நாற்காலியிலேயே தைத்துவரும் மெல்லிய வெல்க்ரோ பட்டை நிமிர்ந்து உட்காரத்தான், விபத்துக்கு இல்லை.

மின் நாற்காலி வைத்திருப்பவர்கள் சங்கத்தில் இரண்டு பேர். ஆள் ஏறும் முன்பே 100 கிலோவைத் தாண்டும் நாற்காலிகள் உண்டு. வழக்கமான பட்டைகள் சோதிக்கப்படுவது 85 கிலோ மாதிரி நாற்காலியை வைத்து. அவர்களுக்குக் கூடுதல் எடைக்கென்று தேறிய பட்டை தனியாக வாங்க வேண்டும். முன்னால் மோட்டார் சக்கரம் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் வண்டிக்குள் அதைக் கழற்றிவிட வேண்டும். மாட்டிய நிலையில் நீளம் பஸ்ஸின் 1300 மி.மீ. கட்டத்துக்குள்ளும் அடங்காது.

சீட்டுக்கு மாறுவதும் ஒரு தேர்வுதான்

மாறி உட்கார முடிந்தவருக்கு எந்த நாற்காலியையும்விட வண்டியின் சீட்டும் அதன் பெல்ட்டும்தான் பத்திரம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கட்டாயப்படுத்தினால் கோபம் நியாயம்தான், ஏனென்றால் தூக்கி வைக்க வருகிற கைகள் எப்போதும் மரியாதையான கைகளாக இருப்பதில்லை. ஆனால் விரும்புகிறவருக்கு வழி இருக்கட்டும். வேனில் நாற்காலி இடத்துக்கு ஒட்டியே, நடைபாதைப் பக்கக் கைதாங்கி மேலே மடங்கும் சீட் ஒன்று, நாற்காலியின் சீட் உயரத்திலேயே. காலியான நாற்காலியையும் கட்டிவைக்க வேண்டும். பதினெட்டு கிலோ இரும்பு பறந்து வந்தால் முன்னால் இருப்பவர் கதி என்ன?

ஊன்றுகோலும் அப்படியே. அக்காவின் சிநேகிதி ஒருத்தியின் ஊன்றுகோல் ஒரு பிரேக்கில் நழுவி, கால்களுக்கு இடையே சறுக்கிக்கொண்டு முன்படி வரை போனது. அவள் இறங்க வேண்டிய நிறுத்தமும் அதைத் தேடுவதில் போனது. முன்னுரிமை சீட் பக்கத்தில் ஒரு ரப்பர் கவ்வி போதும்.

பஸ்ஸில் மிஞ்சும் சண்டை, அந்த இடத்தில் மடக்கு சீட் வைப்பதா என்பது. வைத்தால் மற்ற நேரத்தில் இரண்டு பேர் உட்காரலாம். உட்கார்ந்தவர் எழ மாட்டார் என்பது அனுபவம். பிரிட்டனில் டக் பாலி என்பவர், குழந்தை வண்டி அந்த இடத்தை அடைத்துக்கொண்டதால் ஏற முடியாமல் போய் வழக்கே நடத்தினார். 2017 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஓட்டுநர் ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடுவது போதாது, இன்னும் முயல வேண்டும் என்றது. நம் ஊரில் குழந்தை வண்டி இருக்காது, காய்கறி மூட்டையும் காலேஜ் பைகளும் இருக்கும். இரண்டு இடம் இருந்தால் ஒன்றில் மடக்கு சீட், இன்னொன்றில் சீட்டே வேண்டாம் என்று சங்கம் கொடுக்கும் கருத்தில் எழுதியிருக்கிறேன். வெற்றிடத்தில் கூட்டம் நிற்கும்தான். நிற்கிறவரை நகரச் சொல்வது உட்கார்ந்தவரை எழுப்புவதைவிடச் சுலபம்.

இன்னொன்றும் எழுதினேன், அக்கா சொல்லி. பஸ்ஸுக்கான மாதிரியை முதலில் கட்டும்போது, எங்கள் முற்றத்துச் சுண்ணக்கட்டிக் கட்டம் போல, அளவு மாறாமல் மரத்தில் ஒன்று செய்து, ஐந்தாறு விதமான நாற்காலிக்காரர்களைக் கூப்பிட்டு உள்ளே திரும்பச் சொல்ல வேண்டும். 1300க்கு 750இல் அக்காவின் நாற்காலி தாராளமாக நிற்கிறது. ஆனால் கதவிலிருந்து வந்து, திரும்பி, பின்னால் உருட்டிப் பலகையில் ஒட்ட மூன்று முறை முன்னே பின்னே போக வேண்டியிருந்தது. நடுவில் ஒரு கம்பி இடம் மாறினால் ஒரே முறையில் முடிந்துவிடும். வரைபடத்தில் அந்தக் கம்பியை அங்கே வைத்தது நான்தான்.

வேனுக்கான தரைத் தடம் இன்னும் வரவில்லை. அதுவரை அக்கா டாக்டரிடம் போக, என் காரின் முன்சீட்டுக்கு மாறித்தான் வருகிறாள். நாற்காலி டிக்கியில், ஒரு பட்டையால் இழுத்துக் கட்டி.